ஃபிரிட்ஜுக்கு மேல் வைத்த பெட்டி

ஜனவரி 19

அன்புள்ள அத்தை,

கடிதம் என்றதும் பயந்துவிடாதீர்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. போன் செய்தால் காது சரியாகக் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள். நான் பேசுவது பக்கத்து அறையில் இருக்கிற உங்கள் பிள்ளைக்கும், உங்களிடம் ஜிப் மாற்ற வந்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் சேர்த்துக் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டை விட்டு வந்து மூன்று மாதமாகிறது. "போறதுன்னா போ, உன்னை யாரு பிடிச்சு வச்சிருக்கா" என்று உங்கள் பிள்ளை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, அவர் வாயைப் பற்றித்தான் தெரியுமே. நீங்கள் கழுத்தில் அளவு டேப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றீர்கள். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐந்து வருடம் ஒரே அடுப்படியில் இருந்திருக்கிறோம். எனக்கு வலித்தது, சொல்லிவிடுகிறேன்.

இங்கே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்துவிட்டது. சட்டத்துக்குத் தகுந்தபடி லென்ஸை அறுத்து, ஓரத்தைத் தேய்த்து, பொருத்திக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க அடுத்தவர்களின் பார்வையைச் சரி செய்கிறேன் என்று கடைக்காரர் கிண்டல் செய்கிறார்.

போன வாரம் அவர் அனுப்பிய வக்கீல் தாள் வந்தது. இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம் என்று போட்டிருக்கிறது. பிப்ரவரி முடிவதற்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன், அவருக்குத் தெரிய வேண்டாம். நான் இணையத்தில் பார்க்கிற செய்முறைகளையெல்லாம் சேமித்து வைப்பேனே, மிட்டாய், காகிதப் பூ, அட்டைப் பெட்டி என்று. எதையும் செய்யமாட்டாள், சேர்த்து மட்டும் வைப்பாள் என்று நீங்கள்கூடச் சிரிப்பீர்கள். ஆனால் ஒவ்வொரு வருடமும் ஜனவரியில் நான் கடைசியாகச் சேமித்தது எதுவோ, அது காதலர் தினத்தன்று காலையில் பெட்டியில் என் கைக்கு வந்துவிடும். அவர் ஒன்றும் பேசமாட்டார். பெட்டியை நீட்டிவிட்டுப் போய்விடுவார்.

இந்த வருடமும் ஒன்று சேமித்திருக்கிறேன். நான் என் போனில் சேமித்தால் அங்கே விட்டுவந்த டேப்லெட்டிலும் அது தெரியும். பெட்டி இங்கே வந்து சேர்ந்தால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வருவேன். வராவிட்டால் கையெழுத்துப் போடுவேன். அவ்வளவுதான். விலாசம் உறையின் பின்பக்கம் இருக்கிறது.

உங்கள் குருவி


ஜனவரி 27

என் குருவிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன், மூன்றாம் முறை கண்ணாடி பனித்துவிட்டது. நீ என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரு வரி இல்லை. அந்த நீலக் கம்பளிச் சட்டையை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். முழங்கை கிழிந்திருந்ததைத் தைத்து வைத்திருக்கிறேன்.

வாசலில் ஏன் பேசவில்லை என்று கேட்டாய். அன்று வாயில் குண்டூசி வைத்திருந்தேனடி. எதிர்வீட்டுக்காரரின் கால்சட்டைக்கு மடிப்பு குத்திக்கொண்டிருந்தபோதுதான் உள்ளே சத்தம் கேட்டது. அப்படியே எழுந்து ஓடி வந்தேன். ஊசிகளை எடுத்துவிட்டுப் பேசுவதற்குள் நீ படி இறங்கிவிட்டாய். அவரோ மடிப்புக் குத்திய ஒரு காலோடு நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். சிரிப்பாகத்தான் இருக்கும், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ சேமித்ததை டேப்லெட்டில் பார்த்தேன். வேறு எதற்கோ திறந்தேன், கண்ணில் பட்டது. இதய வடிவ பிஸ்கட், நடுவில் சிவப்பாகக் கண்ணாடி போல் இருக்கிறது. அது என்ன, மிட்டாயா? அடுப்பில் வைத்தால் ஒழுகிவிடாதா? செய்கிறவனுக்குக் கஷ்டமாக இருக்குமே என்றுதான் கேட்கிறேன், எனக்கென்ன வந்தது.

உன்னிடம் மறைக்க மனசு வரவில்லை. அவன் வீட்டுக்கு வருகிற நேரமே சரியில்லை. கார் விற்கிற கடைக்குப் போகிறவன் இத்தனை சென்ட் அடித்துக்கொண்டு போக வேண்டாம். சாப்பிடும்போது போனைப் பார்த்துச் சிரிக்கிறான். நான் பெற்றதுதான், அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள முடியுமா.

பெட்டி வந்தால் வந்துவிடுவாயா? நிஜமாகவா? யாரை நம்பி வருவாய்?

இதற்குக் கீழே இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதே.

அத்தை


பிப்ரவரி 3

அன்புள்ள அத்தை,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீங்கள் அடிக்கிற அடியில் தாளே கிழிந்திருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை.

குண்டூசியைத் துப்ப எவ்வளவு நேரமாகும் அத்தை? நான் தெருமுனை வரைக்கும் மெதுவாகத்தான் நடந்தேன். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

நான் சேமித்தது கஷ்டமான வேலையில்லை. மாவைத் தேய்த்து இதயமாக வெட்ட வேண்டும். அதன் நடுவில் சின்ன இதயம் ஒன்று வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டையில் பொடித்த மிட்டாயைப் போட்டு ஓவனில் வைத்தால் மிட்டாய் உருகி ஜன்னல் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அடியில் எண்ணெய்த் தாள் போட்டால் ஒழுகாது. நன்றாக ஆறின பிறகுதான் எடுக்க வேண்டும். அதிகம் பிசையத் தேவையில்லை, குளிரில் விரல் மடங்காதவர்கள்கூடச் செய்யலாம். தேடித் தேடித்தான் இதை எடுத்தேன்.

போன ஞாயிறு நானே ஒன்று செய்து பார்த்தேன். சேமித்து வைத்ததில் கோப்பைக்குள் செய்கிற கேக் ஒன்று இருந்தது. இந்த அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு மின்சார அடுப்பு, அவ்வளவுதான். அந்தப் பெண் வீடியோவில் சிரித்துக்கொண்டே செய்கிறாள், பஞ்சு மாதிரி எழும்புகிறது. எனக்கு ரப்பர் மாதிரி வந்தது. வீணாக்குவானேன் என்று நின்றுகொண்டே கரண்டியால் தோண்டித் தின்றேன். கோப்பையைக் கழுவும்போது அழுகை வந்துவிட்டது. கேக்குக்காக இல்லை. நன்றாக இருக்கிறது, இல்லை என்று சொல்ல ஒரு ஆள் இல்லை பாருங்கள், அதற்காக.

என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டீர்களே. இதுதான்.

அவரைப் பற்றி எழுதியதில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை. யாரை நம்பி வருவாய் என்று கேட்டீர்கள். பெட்டியை அனுப்புகிறவரை நம்பி வருவேன்.

உங்கள் குருவி


பிப்ரவரி 20

அத்தைக்கு,

பெட்டி வரவில்லை. பதினான்காம் தேதி கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அறையிலேயே இருந்தேன். படியில் காலடி கேட்டபோதெல்லாம் எழுந்து போய்க் கதவருகில் நின்றேன். தபால் தாமதமாகலாம் என்று அடுத்த இரண்டு நாளும் பார்த்தேன். பிறகு கையெழுத்துப் போட்டுத் தாளை அனுப்பிவிட்டேன்.

இனிமேல் மறைத்து ஆகப்போவது எதுவுமில்லை. அந்தப் பெட்டிகளை யார் செய்தது என்று எனக்கு இரண்டாவது வருடமே தெரியும்.

முதல் வருடம் ஏமாந்தேன், ஒப்புக்கொள்கிறேன். முட்டை வேகவைத்துத் தரச் சொன்னால் பாத்திரத்தைக் கருக்குகிற மனுஷன் எனக்காகச் சாக்லேட் செய்தார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டாவது வருடம் சாக்லேட்டைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் சின்னச் சின்னப் புள்ளிகள். தைக்கும்போது விரலில் மாட்டுவீர்களே, அந்த அங்குஸ்தானின் தலை. கை சூடு பட்டால் சாக்லேட் இளகிவிடும் என்று அதை மாட்டிக்கொண்டு அச்சில் அழுத்தியிருக்கிறீர்கள். அடுப்படியில் நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூடத்தில் நீங்கள் ஒன்றும் தெரியாதவர் போல மிஷினை மிதித்துக்கொண்டிருந்தீர்கள்.

அதற்குப் பிறகு நான் சேமித்ததெல்லாம் உங்களுக்காகத்தான் அத்தை. மத்தியானம் டீ குடிக்கும்போது திறந்து பார்ப்பீர்கள் என்று தெரியும். உங்கள் விரலுக்கு முடிகிறதா, பக்கத்துக் கடையில் சாமான் கிடைக்குமா என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். உங்கள் பிள்ளையை நம்பி நான் ஒரு நாளும் அந்த வீட்டில் இருக்கவில்லை. வருடத்துக்கு ஒரு காலையாவது எனக்கென்று ஒருவர் அடுப்பில் நின்றிருக்கிறார் என்பதற்காக இருந்தேன்.

கேட்டது உங்களைத்தான். நேராகக் கேட்க வாய் வரவில்லை. பெட்டி வந்திருந்தால் நேரே வந்து, வாங்க அத்தை, நாம் இரண்டு பேரும் தனியாக ஒரு வீடு பார்ப்போம், ஜன்னலோரம் உங்கள் மிஷினைப் போடுவோம் என்று கூப்பிடுவதாக இருந்தேன். வீடுகூடப் பார்த்து வைத்திருந்தேன். ஜன்னல் கிழக்குப் பக்கம்.

நீங்கள் உங்கள் பிள்ளையோடு இருப்பது என்று முடிவு செய்துவிட்டீர்கள். பெற்றவர் அப்படித்தான் செய்வார். கோபமில்லை என்று எழுத நினைத்தேன், அது பொய்.

குருவி


பிப்ரவரி 27

என் கண்ணே,

நான் செய்தேனடி. செய்தேன்.

முதல் தட்டு கருகிப் போயிற்று. இரண்டாவதில் அவசரப்பட்டு எடுத்ததில் மிட்டாய்க் கண்ணாடி உடைந்துவிட்டது. நீ எழுதியிருந்த மாதிரி எண்ணெய்த் தாள் போட்டு, ஆறும் வரைக்கும் பக்கத்தில் போகாமல், மூன்றாவது தட்டுதான் சரியாக வந்தது. ஒன்றை எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். தெரு முழுக்கச் சிவப்பாகத் தெரிந்தது. துணித் துண்டுகளை அடுக்கிப் பெட்டியில் வைத்துத் தைத்தேன். தபால் நிலையத்தில் போய் வரிசையில் நின்றேன். "உடையுற பொருளாம்மா?" என்று கேட்டாள் கவுன்ட்டரில் இருந்த பெண். ஆமாம் என்றேன். அதற்கு மேல் என்னால் பெட்டியை நீட்ட முடியவில்லை. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

ஏன் என்று கேள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவன், போனைப் பார்த்துச் சிரிப்பானே, அதற்குக் காரணமான பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தான். அவன் கடையில் வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையாம். நல்ல மாதிரிதான் பேசினாள், அவள் மேல் எனக்கு என்ன வஞ்சம். நீ உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் அவளைப் பார்த்த பார்வையை உன் பக்கம் ஒரு நாளும் திருப்பியதில்லை. இந்தப் பெட்டியை அனுப்பினால் என் குருவி, இவன் மனசு மாறிவிட்டான் என்று நம்பிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள், வந்து இதைப் பார்ப்பாள். ஐந்து வருடம் நான் செய்த மிட்டாயால்தானே அவனோடு காலம் தள்ளினாள், இன்னும் அவளை இதில் போட்டு அமுக்க வேண்டாம், பறந்து போகட்டும் என்று நினைத்தேன். அடித்துவிட்ட அந்த இரண்டு வரியில் இதைத்தான் சொல்ல வந்தேன்.

உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாதே. அங்குஸ்தான் புள்ளியைப் பார்த்தவள் அன்றே வந்து என் காதைத் திருகியிருக்கலாமே. நீ எனக்காகச் சேமித்தாய், நான் அவன் பெயரில் செய்தேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் வாயை மூடிக்கொண்டிருந்தோம். எனக்கு ஊசி ஒரு சாக்கு, உனக்கு என்ன சாக்கு?

சரி, போகட்டும். தாள் போனால் போகிறது. அந்தக் கிழக்குப் பக்கத்து ஜன்னல் வீடு இன்னும் காலியாக இருக்கிறதா? மிஷினைப் பிரித்துக் கட்டிவிட முடியும், நான் விசாரித்துவிட்டேன். ஒரு வார்த்தை எழுது. வா என்று எழுதினால் போதும்.

அத்தை


மார்ச் 6

அன்புள்ள அத்தை,

உங்கள் கடிதத்தை வேலை மேசையில் வைத்துப் படித்தேன். தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸ் கை தவறி வீணாயிற்று. கடைக்காரர் வேறொன்றை எடுத்து என் முன்னால் வைத்தார், என் முகத்தைப் பார்த்திருப்பார்.

அந்த வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார்கள்.

கடைக்காரர் கடல் தாண்டி ஒரு கிளை திறக்கிறார். லென்ஸ் வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று ஜனவரியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். பதினான்காம் தேதி கழியும் வரைக்கும் பதில் சொல்லாமல் இழுத்தடித்தேன். தாளில் கையெழுத்துப் போட்ட அன்றே இதற்கும் போட்டுவிட்டேன். மூன்று வருட ஒப்பந்தம். நடுவில் விட முடியாது. அங்கே ஒரு அறையில் நான்கு பெண்களாகத் தங்க வேண்டும், வேறு யாரையும் அழைத்து வைத்துக்கொள்ள முடியாது. கேட்டுப் பார்த்தேன் அத்தை. கேட்காமல் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

பறந்து போகட்டும் என்று எழுதியிருந்தீர்கள். போகிறாயா என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உங்கள் பிள்ளை எனக்காக ஒரு முடிவு எடுத்தார், நீங்கள் ஒன்று எடுத்தீர்கள். அவருடையதில் பாசமில்லை, உங்களுடையதில் இருந்தது. இரண்டும் என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் ஒன்றுதான்.

இதை எழுதும்போதே கை கூசுகிறது. நானும் கேட்கவில்லையே. எனக்கு என்ன சாக்கு என்று கேட்டீர்கள். பயம்தான். கேட்டு, நீங்கள் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் வருடத்துக்கு ஒரு பெட்டியும் இல்லாமல் போகுமே என்று.

நாளை விடுமுறை. சேமித்து வைத்ததையெல்லாம் அழித்துவிடப் போகிறேன். இருந்தால் போகிற இடத்திலும் எதையாவது சேர்த்துக்கொண்டு, நீங்கள் திறந்து பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று உட்கார்ந்திருப்பேன். வேலை ஓடாது. நீலச் சட்டையை அனுப்ப வேண்டாம், அங்கே குளிர் கிடையாதாம். நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பதினெட்டாம் தேதி கிளம்புகிறேன். விலாசம் தெரிந்ததும் எழுதுகிறேன். எழுதவில்லை என்றால், என்னால் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குருவி


மார்ச் 13

என் குருவிக்கு,

நீ கிளம்புவதற்குள் இது கைக்கு வந்துவிட வேண்டும்.

நீ அழித்த அன்று நான் டேப்லெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொன்றாகப் போயிற்று. காகித ரோஜா போயிற்று. நீ வந்த முதல் வருடம் சேமித்த பாதாம் சாக்லேட் போயிற்று. அந்தப் பக்கம் நீ உட்கார்ந்து கையால் தொட்டு அழிக்கிறாய் என்பதால் ஒவ்வொன்று மறையும்போதும் நீ என்னோடு பேசுகிற மாதிரி இருந்தது. அதனால் நிறுத்தாதே, நிறுத்தாதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வெறும் வெள்ளையாக ஆகிவிட்டது. அழுதேன். துணி கொண்டுவந்த ஒருத்தி, யார் போய்விட்டார்கள் என்று கேட்டாள். மருமகள் என்றேன்.

போன கடிதத்தில் ஒன்றை மறைத்தேன். அந்தப் பெட்டி என்ன ஆயிற்று என்று நீ கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. தபால் நிலையத்திலிருந்து வந்து அதை ஃபிரிட்ஜுக்கு மேல் வைத்தேன். ஒவ்வொரு வருடமும் செய்து அங்கேதான் வைப்பேன். முதல் வருடம் மட்டும், "எடுத்துட்டுப் போய் அவகிட்ட குடுடா" என்று சொன்னேன். அப்புறம் சொல்ல வேண்டியே இருந்ததில்லை. பதினான்காம் தேதி காலையில் தானே கை நீட்டி எடுப்பான், உன்னிடம் கொடுப்பான். இந்த வருடம் நினைப்பில்லாமல் அங்கேயே வைத்துவிட்டேன், கை பழக்கம். அவனுக்கும் கை பழக்கம். நீ அங்கே படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த அன்று, உனக்காக நான் தைத்த பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டான்.

மறுநாள் அவள் வீட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் பூரித்திருந்தது. "இவர் இவ்வளவு அழகா செய்வார்னு நெனைக்கவே இல்ல அத்தை" என்றாள். அத்தை என்று கூப்பிட்டாள். நான் அவனைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான். அன்றைக்கு என் வாயில் ஊசி ஒன்றும் இல்லை. இருந்தும் நான் பேசவில்லை. அவள் கண்ணில் இருந்ததை முதல் வருடம் உன் கண்ணில் பார்த்திருக்கிறேன், அதை எப்படிப் பிடுங்குவது என்று தெரியவில்லை. இதற்காக நீ என்னைத் திட்டலாம்.

நேற்று ஒரு சட்டையின் அளவு பார்க்க டேப்லெட்டைத் திறந்தேன். நீ அழித்த இடத்தில் ஒரு படம் இருந்தது. நீதான் என்று நினைத்தேன். மனசு மாறிவிட்டாள், கூப்பிடுகிறாள் என்று கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தேன். அட்டையில் செய்த இதயப் பெட்டி, உள்ளே சாக்லேட். பிறகு அந்தப் பெண்ணையே போனில் கேட்டேன். அவள் சேமித்ததாம். அவன் டேப்லெட்டை அவளிடம் கொடுத்திருக்கிறான். அது உன் போனிலும் தெரியுமோ என்னவோ. தெரிந்தால், நான் உனக்காகப் போட்டது என்று நினைத்துவிடாதே, நினைத்து ஏங்கிவிடாதே. அதைச் சொல்லத்தான் இத்தனை அவசரமாக எழுதுகிறேன்.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் உள்ளே வந்தான். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். போகிற போக்கில் ஃபிரிட்ஜின் மேல், பெட்டி வைக்கிற இடத்தில், கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

அத்தை